பறவைப் படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

பிரான்சிஸ் பார்லோ 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்து பேர்பெற்றவர். அவருடைய பறவைக் காட்சிகள் பலவற்றைச் செப்புத் தகட்டில் எட்சிங்காக, அதாவது கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படமாக, மாற்றியவர் வென்சஸ்லாஸ் ஹோலர். 1607இல் பிராக் நகரில் பிறந்து, லண்டனில் 1677இல் இறந்த மனிதர். நாட்டுப்புறத்தில் மேய்ந்தும் நீந்தியும் திரியும் அந்தப் பறவைகளின் இறகுகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கோடுகளின் நெருக்கத்திலேயே மென்மையைக் கொண்டுவந்திருப்பார்.

பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். இத்தகைய படங்களுக்குக் காலம் செய்த கேட்டைவிட, மாட்டுவதற்குச் சட்டம் (ஃப்ரேம்) போட்டவர்கள் செய்த கேடுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

முதல் கேடு கத்தரிக்கோல். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கவிட்டு, மை நிரப்பி, ஈரத்தாளோடு உருளை அச்சில் அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். விரலால் தடவினாலே தெரியும். இன்றைய ஆஃப்செட் நகலில் அந்தப் பள்ளம் இருக்காது. லென்ஸில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். படத்தின் அடியில் வரைந்தவர், தகடு செய்தவர், வெளியிட்டவர் பெயர்களும் இருக்கும். தகடு கைமாறும்போது வெளியிட்டவர் பெயரை மாற்றுவதுண்டு. ஆகவே எந்தப் பதிப்பு என்பதற்கு அந்த வரியே முக்கியமான சான்று. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அதை வெட்டி எறிந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இரண்டாவது, மலிவான மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் சாளரம் வெட்டிச் சட்டத்துக்குள் வைக்கும் அட்டை. கந்தல் துணிக் கூழில் செய்த அந்தக் காலத்துத் தாள் உறுதியானது. மரக்கூழ் அட்டையின் அமிலம்தான் அதற்குள் இறங்கி, அட்டையின் சாளர விளிம்பு பட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடாக எரித்துவிடுகிறது. அமிலமற்ற பருத்தி அட்டை கேளுங்கள். செல்லோடேப்பும் லேமினேஷனும் அறவே கூடாது. கரி மை வெளுக்காது என்பதால் வெயிலில் மாட்டலாம் என்று எண்ணாதீர்கள், தாள் நொறுங்கும். 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும்.

வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் சட்டத்தின் பின்புறத்தை மெல்லத் திறந்து பாருங்கள். அட்டையோடு ஒட்டியிருந்தால் தாளை உரிக்க வேண்டாம். அப்படியே கொடுங்கள், நாங்கள் அட்டையைத்தான் பின்னாலிருந்து அடுக்கடுக்காகச் சீவி எடுப்போம்.