அரைக்கப்போகும் முந்திரிக்கு முழுப்பருப்பு எதற்கு?

புதுச்சேரி, ஆரோவில் பக்கம் உள்ள உணவகங்களில் இப்போது முந்திரி சீஸ் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் முந்திரிப் பால், முந்திரி வெண்ணெய், முந்திரித் தயிர் எல்லாம் வந்துவிட்டன. பால் பொருள் எதையும் தொடாத வீகன் அன்பர்களால் பரவிய பழக்கம் இது. இன்று பால் ஒத்துக்கொள்ளாதவர்களும், புதிதாக எதையாவது சாப்பிட்டுப் பார்க்கும் ஆசை உள்ளவர்களும் வாங்குகிறார்கள். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். ஊறவைத்த முந்திரியை மைபோல அரைத்து, புளிக்கவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மேலே மிளகு தூவியிருந்தார்கள். லேசான புளிப்பு, நாக்கில் கரையும் பதம். நன்றாகவே இருந்தது. அட்டையில் "எந்த உயிரையும் துன்புறுத்தாமல் தயாரித்தது" என்று அச்சிட்டிருந்தார்கள்.

நான் கடலூர் மாவட்டத்தில் தோல் மருத்துவராக இருக்கிறேன். பண்ருட்டியும் காடாம்புலியூரும் எங்கள் பக்கத்து ஊர்கள். முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் அந்த வரியைச் சும்மா கடந்துவிட முடியவில்லை. மாட்டுக்கும் கன்றுக்கும் இரங்கிப் பாலை விட்டவர்களின் மனசு நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த இரக்கம் முந்திரி உடைக்கும் கைவரைக்கும் வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முந்திரிக்கொட்டையின் ஓடு இரண்டு அடுக்கு கொண்டது. நடுவில் தேன்கூடு போன்ற சின்னச் சின்ன அறைகள். அவற்றில் கெட்டியான, கருஞ்சிவப்பான எண்ணெய் நிறைந்திருக்கும். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் அதில் உள்ள முக்கியப் பொருள்கள். பிரேக் லைனிங்கும் பெயின்ட்டும் செய்ய இந்த எண்ணெயை வாங்குகிறார்கள் என்றால் அதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம். தோலில் பட்டால் முதலில் எரியும், பிறகு கொப்புளிக்கும், கறுக்கும், உரியும். சேராங்கொட்டைப் பால் பட்டு உடம்பு வெந்தவர்களைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். சேரான், மா, முந்திரி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் முந்திரி எண்ணெய்க்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்ட சிலருக்கு மாங்காய்ப் பால் பட்டாலே உதடு வீங்கிவிடுகிறது. மாம்பழக் காலத்தில் இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தொழிலைப் பற்றித்தான்.

சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். அந்த எண்ணெய் ஓட்டில் இருப்பது. வறுத்தோ வேகவைத்தோ ஓட்டை நீக்கி, உலர்த்தி, தோலுரித்து வருகிற பருப்பில் அந்த எண்ணெயின் ஆபத்து இல்லை.

ஆபத்தெல்லாம் அதற்கு முந்தைய கட்டங்களில் இருக்கிறது. கொட்டையை வெயிலில் காயவைத்து, பாய்லரில் வேகவைக்கிறார்கள், அல்லது டிரம்மில் போட்டு வறுக்கிறார்கள். வறுக்கும்போது எழும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அப்புறம் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கத்தி இயந்திரத்தில் வைத்து, ஓட்டைப் பிளந்து, பருப்பு உடையாமல் நோண்டி எடுக்க வேண்டும். இப்போது பெரிய ஆலைகளில் தானாக வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் வெட்டியதில் பருப்பு வேறு ஓடு வேறு என்று பிரிக்கக் கை வேண்டியிருக்கிறது. ஓட்டின் ஈரம் அப்போதும் விரலில் ஏறுகிறது. வேகவைத்த கொட்டையை வீட்டுக்கு வாங்கிப்போய் உடைத்துக் கொடுக்கிற குடும்பங்களும் உண்டு.

சமீபத்தில் வந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இரண்டு கைகளிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் கன்னங்கரேலென்று இருந்தன. கறுப்பு உரிந்த இடங்களில் தோல் கண்ணாடித்தாள்போல மின்னியது, மடிப்புகளில் வெடிப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரேகைக்கோடே தெரியவில்லை. அரிப்புக்காக அவர் வரவில்லை. அதெல்லாம் பழகிவிட்டதாம். ரேஷன் கடை மெஷினில் விரல் விழவில்லை, அதற்கு ஒரு மருந்து கொடுங்கள் என்று கேட்டு வந்திருந்தார்.

கையுறை போடக்கூடாதா என்றேன்.

"உறை போட்டா வேலை ஓடாதுங்க டாக்டரம்மா. கொட்டை வழுக்குது. பருப்பு உடைஞ்சுதுன்னா காசு கொறைஞ்சுபோவும்."

இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். படிப்பறிவு இல்லாததால் கையுறை போட மறுக்கிறார்கள் என்று ஆலைக்காரர்களும் சில மருத்துவ நண்பர்களும் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். இந்தப் பெண்கள் போடுவது சரியான கணக்கு. கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. முழுப்பருப்புக்கு ஒரு விலை, பிளந்ததற்கும் துண்டுக்கும் வேறு விலை. சந்தையில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிக்கிறார்களே, அந்த எண் ஒரு பவுண்டு எடையில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கிறது. 320 என்றால் 300 முதல் 320 பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. உடையாத வெள்ளைப் பருப்புக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் விலைதான் விரலிலிருந்து உறையைக் கழற்றுகிறது. உறைக்குப் பதிலாக விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டும் சாம்பலைத் தொட்டுக்கொண்டும் உடைக்கிறார்கள். ஓரளவுக்குத் தாங்கும், அவ்வளவே.

முந்திரி சீஸுக்கு இந்த முழுப்பருப்பு தேவையே இல்லை. ஊறவைத்து மிக்ஸியில் அரைக்கப்போகிற பருப்பு முழுசாக இருந்தால் என்ன, நான்காக உடைந்திருந்தால் என்ன? பாலுக்கும் தயிருக்கும் இதே கதைதான். பாயசத்தில் முழு முந்திரி மிதந்தால் அழகு. பாட்டிலுக்குள் போன பிறகு அழகை யார் பார்க்கப்போகிறார்கள்? உறை போட்டு உடைத்தால் துண்டு அதிகம் விழும். விழட்டும். அந்தத் துண்டை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு தொழிலே இப்போது வளர்ந்து வருகிறது. உறை போட்ட கை, கிலோக்கணக்கு இல்லாத நாள்கூலி, துண்டானாலும் குறையாத விலை, இந்த மூன்றையும் எழுதி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஓர் ஆலையிடம் பருப்பு வாங்க முந்திரி சீஸ் தயாரிப்பவரால் முடியும். லட்டுக்கும் கத்லிக்கும் வாங்குகிற பெருவியாபாரியைவிட இவருக்கு இது சுலபம். இவருடைய வாடிக்கையாளர் ஏற்கெனவே மனசாட்சிக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்.

இது பண்ருட்டியோடு முடிகிற பிரச்சினையும் கிடையாது. கொல்லத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் உட்கார்ந்தே உடைத்த தொழில் இது. அங்கே சங்கம் போராடிக் கூலி உயர்ந்தபோது, கூலி குறைவான கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வேலையை மாற்றிக்கொண்ட முதலாளிகள் உண்டு. வியட்நாமில் போதை மறுவாழ்வு மையங்களில் அடைக்கப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்தி முந்திரி உடைக்க வைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2011-இல் அறிக்கையாக வெளியிட்டது. நம் ஆலைகளில் உடைபடும் கொட்டையிலும் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட், பெனின், கானா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, உள்ளூர் விளைச்சலை மட்டும் நம்பி ஆலை ஓட்ட முடியாது என்பது தெரியும். ஒரு பாக்கெட் பருப்பு எந்த மண்ணில் விளைந்து எந்த ஊரில் உடைந்தது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

தோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல். தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கொல்ல 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை அங்கே ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். கிணறும் ஓடையும் வீட்டு முற்றமும் தோப்புக்கு நடுவிலேயே இருந்தன. பத்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர் ஒய்.எஸ். மோகன்குமார், ஒரு சின்ன ஊரில் இத்தனை குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் எப்படி வரும் என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டு எழுதவும் செய்தார். 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அந்த இடைவெளியில் குழந்தைகள் படுக்கையிலேயே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். நோயாளியின் உடம்பில் தெரிகிறதைத் தொழிலோடும் நிலத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை எனக்கு எந்தப் பாடப்புத்தகத்தையும்விட மோகன்குமார்தான் அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தார்.

ஆகவே முந்திரியை ஒதுக்குங்கள் என்கிறேனா? இல்லை. நீங்கள் ஒதுக்கினால் முதலில் வேலை போவது அந்த அம்மாவுக்குத்தான். கொல்லத்தில் ஆலைகள் வரிசையாக மூடியபோது தெருவில் நின்றது பெண்கள். வாங்குங்கள், ஆனால் கேள்வி கேட்டு வாங்குங்கள். பருப்பு எங்கே உடைத்தது, ஆலையிலா வீட்டிலா, கூலி நாளுக்கா கிலோவுக்கா, உறை கொடுக்கிறார்களா, துண்டுப் பருப்பு எடுத்துக்கொள்கிறீர்களா என்று தயாரிப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். சிறு தயாரிப்பாளர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள். விடை தெரியாதவர்களும் அதைத் தெரிந்துகொள்ளத் தேடிப்போவார்கள்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. ரசாயனம் பட்டு வரும் தோலழற்சி, தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து உடைப்பவருக்கு இ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. அவருடைய நோய் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சக மருத்துவர்கள் நோயாளிச் சீட்டில் தொழிலையும், ஆலையா வீடா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். 'கை அரிப்பு' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

முந்திரி உடைக்கும் குடும்பங்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குச் சில வார்த்தைகள். உடைக்கும்போது எல்லா விரலுக்கும் உறை முடியாவிட்டால், கொட்டையைப் பிடிக்கும் கைக்காவது போடுங்கள். விளக்கெண்ணெய் தடவுவதானால் வேலைக்கு முன்பே நன்றாகத் தடவுங்கள், காய்ந்ததும் திரும்பத் தடவுங்கள். கறை போக மண்ணெண்ணெயோ பிளீச்சிங் பவுடரோ போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற தோலும் போய்விடும். சோப்பும் தண்ணீரும் போதும், பிறகு தேங்காய் எண்ணெய். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்ட கையோடு கண்ணையோ குழந்தையையோ தொடாதீர்கள். கொட்டை வறுக்கும் இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோலை மெலிய வைத்து வெடிப்பை அதிகமாக்கும். கொப்புளம் வந்தாலோ, முகமும் கண் இமையும் வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ரேகை மெஷினில் விழாதவர்கள், கருவிழி பார்க்கும் கருவி உள்ள ரேஷன் கடையில் அதைக் கேளுங்கள். கொஞ்ச நாள் வேலைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ரேகை திரும்ப வளர்ந்துவிடும். அந்த ஓய்வு நாட்களுக்கான கூலியைக் கொடுப்பது யார் என்பதற்கு மட்டும் என்னிடம் மருந்துச்சீட்டு இல்லை. அதைப் பருப்பின் விலையில் சேர்க்கும்படி தயாரிப்பவர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.