எம்சிபி இருக்கிறது என்று கை வைக்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எலக்ட்ரீஷியன்களுக்கு வரும் அழைப்புகள் ஒரே மாதிரிதான் இருக்கும். "மோட்டார் பைப்பைத் தொட்டா சுர்ருங்குது." "கேட்ல கை வெச்சா லேசா இழுக்குது." "சுவர் ஈரமா இருக்கு, சுவிட்ச் போடவே பயமா இருக்கு." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்த வேலை பின்னால் இருக்கும். செடிகளுக்கு நடுவே ஒரு விளக்கு, தொட்டிக்கு ஒரு சின்ன பம்ப், மாடியில் ஒரு பிளக் பாயிண்ட்.

சொந்தக் கையால் வேலை செய்வதில் தவறில்லை. ஆனால் "இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டால் வரும் பதில் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "எம்சிபி போட்டிருக்கோமே சார், ஷாக் அடிச்சா தானா விழுந்துடுமே!"

விழாது. இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் அடுத்த வீட்டில் அதே பேச்சு. எம்சிபி என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே விழுந்து (அணைந்து) இணைப்பைத் துண்டிக்கும் போர்டு சுவிட்ச். ஷாக் அடித்தால் அது ஏன் விழாது என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

கை ஈரம், கால் வெறுங்கால், தரையும் ஈரம் என்றால் உடம்பின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். விளக்குகளுக்குப் போட்டிருக்கும் சின்ன எம்சிபியே 6 ஆம்பியர். அது விழ 6 ஆம்பியரைத் தாண்டிய மின்னோட்டம் வேண்டும். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் 75 வாட் சீலிங் ஃபேன் 0.3 ஆம்பியருக்கு மேல் எடுக்கிறது. ஃபேன் போட்டால் எம்சிபி விழுகிறதா? இல்லையே. அதைவிடக் குறைந்த மின்னோட்டம் உங்கள் உடம்பில் ஓடும்போது மட்டும் எப்படி விழும்? எம்சிபிக்கு நீங்கள் இன்னொரு ஃபேன், அவ்வளவுதான்.

உடம்புக்கோ அந்த அளவெல்லாம் தேவையே இல்லை. 10 முதல் 15 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் சற்று நேரம் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

"ஷார்ட் ஆனப்போ டப்புன்னு விழுந்துச்சே" என்பார்கள். ஷார்ட் சர்க்யூட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், அதனால் விழுந்தது. வயர் சூடேறி எரியாமல் காப்பது எம்சிபியின் வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. மனிதரைக் காப்பது அதன் வேலை இல்லை.

"எர்த் போட்டிருக்கோம், எர்த் வழியா கரண்ட் போய் எம்சிபி விழும்" என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு, நன்றாக இருந்தால்தான் அதுவும். பத்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றாத எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரும்பு உடலில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) பட்டுவிட்டது. 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். மோட்டார் லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. அது அசையவே அசையாது. பைப், வால்வு, கிணற்று மூடி என்று எல்லாவற்றிலும் 230 வோல்ட்டுக்கு நெருக்கமாக மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். முதலில் தொடுவது தண்ணீர் பிடிக்க வரும் குழந்தையாகக்கூட இருக்கலாம்.

உயிர் காக்கும் கருவியின் பெயர் ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இடையில் 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால், உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலும் சரி, கண்மூடித் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் தருவார்கள். அவை தீ விபத்தைத் தடுக்க. ஆள் தொடும் இடத்துக்கு 30தான். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு '2 போல்' (pole) வகை, த்ரீ ஃபேஸுக்கு '4 போல்' வகை. ஐஎஸ் 12640 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்சிசிபி ஓவர்லோடுக்கு விழாது, அதனால் எம்சிபியும் கூடவே வேண்டும். இன்னொன்று: ஒரு கையில் ஃபேஸ், மறுகையில் நியூட்ரல் என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அதுவும் காப்பாற்றாது. ஆர்சிசிபி போட்டாயிற்று என்று உயிருள்ள வயரில் வேலை செய்ய உரிமை வந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

அதன் முகப்பில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். கரண்ட் இருக்கும்போது அமுக்கியதும் விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்தக் கருவி பயனற்றது, மாற்றுங்கள். ஐந்து வருஷமாக ஒருமுறைகூட அமுக்கப்படாத ஆர்சிசிபிகள்தான் நம் வீடுகளில் அதிகம்.

அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தாண்டி நேரடி இணைப்பு கொடுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, கசிவு அங்கே இருக்கிறது. பழைய கீசர், ஈரமேறிய மோட்டார், தோட்டத்து விளக்கு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். இன்வர்ட்டர் வைத்த பிறகு விழத் தொடங்கியிருந்தால், அநேகமாக இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்ற லைன்களின் நியூட்ரலும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்வர்ட்டர் என்றதும் சொல்ல வேண்டியது, "மெயினை ஆஃப் பண்ணிட்டேன், இனி பயமில்லை" என்ற நம்பிக்கை. மெயினை ஆஃப் செய்த அந்த நொடியே இன்வர்ட்டர் உயிர் பெற்று, தன் லைன்களுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கும். ஃபேன் மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். மெயின், இன்வர்ட்டர் சுவிட்ச் இரண்டையும் அணைத்து, இன்வர்ட்டரிலிருந்து வெளியே போகும் பிளக்கையும் உருவிய பிறகு ஏறுங்கள்.

அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஆனால் நியான் டெஸ்டரின் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். நல்ல வெயிலில் அது எரிவது தெரியாது. மர ஸ்டூலின் மேல் நின்றால் மங்கிப்போகும். உள்ளே பல்பு போயிருந்தால் எரியவே எரியாது. கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் முதலில் வைத்துப் பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், திரும்பவும் முதல் பிளக்கில். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் "டபுள் கரண்ட் வருது" என்று பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் கை வைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஒரு பம்ப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். மூன்று பின் பிளக்தான். உள்ளே பச்சை நிற எர்த் வயரை வெட்டி, மடக்கி, கறுப்பு டேப் சுற்றி ஓரமாகத் தள்ளியிருக்கும். 'ஷாக் அடிக்குது' என்றுதான் வெட்டியிருப்பார்கள்! இதைவிட மோசம், சாக்கெட்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைப்பது. போஸ்ட்டிலோ போர்டிலோ நியூட்ரல் தளர்ந்துவிட்டால், ஃபேஸ் மோட்டாரின் சுருள் வழியாகவே வந்து அதன் இரும்பு உடலில் நிற்கும். சாதனத்தில் எந்தப் பழுதும் இல்லாமலே ஆள் சாகலாம்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து வயர் நிறத்தை முடிவு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதனத்தோடு வரும் வயரில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். நம் சுவருக்குள் ஓடும் வயரிங் வேறு: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். த்ரீ ஃபேஸ் வீட்டில் சுவரிலிருந்து நீல வயர் எட்டிப் பார்த்தால் அது உயிருள்ள ஃபேஸாக இருக்கலாம்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, 230 காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு, சொத்தை எர்த்திலும் அது 230 காட்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் டெஸ்டரால் ஓமில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

தோட்டத்துக்கு விளக்கு போட ஆசை என்றால் 12 வோல்ட் விளக்குகளை வாங்குங்கள். அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியே 12 வோல்ட் மட்டும் போகட்டும். இதை யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் செய்யலாம். 230 வோல்ட்டே கொண்டுபோக வேண்டுமென்றால் இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், மேலே மணலும் செங்கல்லும். நடுவில் ஜாயிண்ட் கூடாது. சீரியல் பல்புக்கு வரும் முறுக்கு வயரைச் செடி வழியாக இழுத்து, மண்ணுக்குள் டேப் சுற்றிப் புதைத்து வைத்தால் இரண்டு மழைக்குள் டேப் உரிந்துவிடும். வெளிப் பிளக் பாயிண்டை வெள்ளம் வந்து நின்ற உயரத்துக்கு மேலே, மூடி உள்ள பெட்டியில் வையுங்கள்.

சம்ப்பைக் கழுவ இறங்கும் முன் மோட்டார் பிளக்கை உருவி உங்கள் கண்ணில் படும்படி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்ட வீடுகள் ஏராளம், அங்கே அணைத்த பிறகும் மோட்டாருக்குள் ஃபேஸ் இருக்கும்.

சுவரில் துளை போடும்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் வரும். துணிக்கொடியை சர்வீஸ் வயர் பைப்பில் கட்டாதீர்கள்.

தேங்காய், மாங்காய், முருங்கை பறிக்கும் அலுமினியத் தொரட்டியை மின்கம்பி ஓடும் பக்கம் கொண்டே போகாதீர்கள். மேலே போகும் கம்பியில் உறை கிடையாது. ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கிளை கம்பியில் உரசினால் வெட்டுவது மின்வாரியத்தின் வேலை. தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் இழுக்காதீர்கள். மெயினையும் இன்வர்ட்டரையும் அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த மரக் கட்டையால் வயரைத் தள்ளுங்கள். இது வீட்டு வயருக்கு மட்டும். தெருக் கம்பி அறுந்து விழுந்திருந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது. மூச்சு இல்லையென்றால் 108ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள். அவரே எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஒரு இசிஜி எடுங்கள்.