தாவரவழிச் சிதைப்பு

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் என் மருமகள், மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் மருந்துகள் மண்ணில் என்ன ஆகின்றன என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். "மாமா, பைட்டோரெமெடியேஷனைத் தமிழில் எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். "தாவரவழி மாசகற்றல்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். செடிகளைக் கொண்டு மண்ணிலும் நீரிலும் உள்ள மாசைப் போக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். அப்புறம்தான் அது அவளுடைய கட்டுரைக்குப் பொருந்தாது என்று பட்டது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் பைட்டோன் என்றால் செடி. இலத்தீனில் ரெமேடியம் என்றால் மருந்து, பரிகாரம். 1990களின் தொடக்கத்தில்தான் ஆங்கிலத்தில் இரண்டையும் ஒட்டினார்கள். அப்போது பெரிதாகப் பேசப்பட்டது ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள். ஈயம் ஒரு தனிமம். எந்தச் செடியாலும் அதை உடைக்க முடியாது. செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நாம் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். அங்கே "அகற்றல்" சரியான சொல்.

மருந்து அப்படியல்ல. மாட்டுக்குக் கொடுக்கும், பக்டீரியாக்களை எதிர்க்கும் மருந்தான ஒக்சிடெட்ராசைக்கிளினின் பெரும்பகுதி மாறாமலே சாணத்திலும் சிறுநீரிலும் வந்துவிடும். சாணம் எருவாகி வயலுக்குப் போகும், மழையில் வாய்க்காலுக்கு இறங்கும். அதைத் தாங்கிப் பழகும் பக்டீரியாக்கள் பெருகினால், நாளை மனிதருக்கும் அந்த மருந்து கேட்காது. ஆனால் இது ஒரு மூலக்கூறு, உடைக்கலாம். செடியின் நொதியங்கள் முதலில் அதை ஒட்சியேற்றும், பிறகு குளுதாதயோன் என்ற சிறு மூலக்கூறையோ சர்க்கரையையோ அதன்மேல் ஒட்டும், கடைசியில் கலத்துக்குள் பை போல இருக்கும் புன்வெற்றிடத்திலோ கலச்சுவரிலோ ஒதுக்கிவிடும். நம் ஈரல் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். அதனால் ஆய்வாளர்கள் இதைப் "பச்சை ஈரல்" என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

ஆகவே மருந்துக்குத் "தாவரவழிச் சிதைப்பு" என்றே எழுதலாம். பைட்டோடிகிரடேஷன் என்ற தனிச்சொல்லுக்கு நேரான தமிழும் அதுவே. நிலைத்திணை என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். தாவரம் என்பது நகராமல் நிற்பது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல் அதுதான், இருக்கட்டும்.

இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும் புல் வெட்டிவேர். நீரில் வளர்த்தபோது அது அதே குடும்பத்து மருந்தான டெட்ராசைக்கிளினை உள்ளே இழுத்தது. உலகம் முழுக்க வெட்டிவர் என்று சொல்கிறார்களே, அது நம் சொல்தான்: வெட்டி எடுக்கும் வேர். சிங்களத்தில் சவந்தரா. புறக்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள்.

மருமகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். உள்ளே இழுத்த மருந்து எல்லாமே உடைந்துவிடுவதில்லை. உடையாமல் தங்குவதைத் "தேக்கம்" என்று வேறாக எழுது. எது சிதைந்தது, எது தேங்கியது என்று தெரியும்வரை அந்தப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடக் கூடாது.