முப்பது சதவீதம் மாற்றினாலும் அது அடுத்தவர் லோகோதான்

லோகோ வரைவது என் தொழில். போன வாரமும் ஒருவர் வக்கீல் நோட்டீஸோடு என்னைத் தேடி வந்தார். சினிமா பார்க்கும் எவருக்கும் தெரிந்த ஒரு சூப்பர் ஹீரோவின் மார்புச் சின்னத்தைக் கொஞ்சம் சாய்த்து, நிறத்தை மாற்றி, நடுவில் தங்கள் நிறுவனத்தின் முதல் எழுத்தைப் போட்டு லோகோ ஆக்கியிருந்தார்கள். பெயர்ப்பலகை, அட்டைப்பெட்டி, ஊழியர் சட்டை, வண்டி என்று எல்லாவற்றிலும் அச்சாகிவிட்டது. "முப்பது சதவீதத்துக்கு மேல மாத்தியிருக்கோமே, அப்புறம் எப்படி நோட்டீஸ் அனுப்பலாம்?" என்றுதான் முதலில் கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒருவர் முப்பது என்பார், இன்னொருவர் இருபது போதும் என்பார், மூன்றாமவர் ஐந்து இடத்தில் மாற்றினால் சட்டம் தொடாது என்பார். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. இப்படி ஒரு சதவீதக் கணக்கு டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னச் சட்டத்தில் இல்லை. லோகோவை அளக்க யாரும் அளவுகோலை எடுப்பதில்லை. உங்கள் சின்னத்தைப் பார்க்கும் சாதாரண ஆள் அதை அசல் சின்னத்துக்குச் சொந்தக்கார நிறுவனத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்வாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். அதுவும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக ஒப்பிடும் ஆள் இல்லை. ஒன்றை என்றோ பார்த்து, அரைகுறையாக ஞாபகம் வைத்துக்கொண்டு, இன்று இன்னொன்றைப் பார்க்கிறாரே, அந்த ஆள்.

அரைகுறை ஞாபகம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 85 மாணவர்களிடம் ஆப்பிள் லோகோவை நினைவிலிருந்து வரையச் சொன்ன ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. சரியாக வரைந்தவர் ஒரே ஒருவர். பல வடிவங்களைக் காட்டி எது சரியானது என்று கேட்டபோதும் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்டார்கள். தினமும் கண்ணில் படுகிற சின்னம் அது. இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கடித்த பகுதி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதெல்லாம் மனதில் நிற்கவில்லை. ஆனால் தெருவில் பார்த்தால் அத்தனை பேரும் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்கள். மனசு நுணுக்கங்களை விட்டுவிட்டு மொத்த உருவத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

இப்போது அந்த முப்பது சதவீதத்துக்கு வருவோம். சாய்வை மாற்றினீர்கள், ஓரத்துக் கோட்டைத் தடிமனாக்கினீர்கள், சிவப்பை ஆரஞ்சு ஆக்கினீர்கள். நீங்கள் மாற்றியது முழுக்க யாருக்கும் ஞாபகம் இல்லாத விஷயங்கள். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற அந்த மொத்த உருவத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். ஏனென்றால் அதற்காகத்தானே எடுத்தீர்கள்! பார்த்தவுடன் அந்த ஹீரோ நினைவுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டு எடுத்துவிட்டு, "அந்த ஹீரோ மாதிரி இல்லவே இல்லை" என்று எப்படி வாதாட முடியும்? நினைவுக்கு வந்தால் சட்டத்தில் மாட்டுவீர்கள். வராவிட்டால் காப்பியடித்ததில் பலனே இல்லை. இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

"அவங்க சினிமா கம்பெனி, நாங்க வேற தொழில்" என்பது அடுத்த சமாதானம். சாதாரண டிரேட்மார்க் விஷயத்தில் தொழில் வேறு என்பது ஓரளவு எடுபடும். உலகப் புகழ் பெற்ற சின்னங்களுக்குப் பல நாடுகளில் எல்லாத் தொழிலிலும் பாதுகாப்பு உண்டு. அதுவும் சூப்பர் ஹீரோ சின்னத்தின் சொந்தக்காரர்கள் படத்தோடு நிற்பவர்கள் இல்லை. சட்டை, பொம்மை, பை, நோட்டுப் புத்தகம் என்று கண்ணில் படுகிற பொருளுக்கெல்லாம் உரிமம் விற்றுக்கொண்டிருப்பவர்கள். சின்னத்தைக் காவல் காக்க அவர்களிடம் தனி வக்கீல் குழுவே இருக்கும்.

அப்படியானால் சினிமா, பாட்டு, விளையாட்டு, மக்கள் வாயில் புழங்கும் பேச்சு எதையும் லோகோவுக்குள் கொண்டுவரக் கூடாதா என்று கேட்காதீர்கள். தாராளமாகக் கொண்டுவரலாம். நல்ல லோகோக்கள் பலவும் அங்கிருந்துதான் பிறந்திருக்கின்றன. எதை எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் நாக்குச் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் அதை வரைந்தவர் ஜான் பாஷ், லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர். பிரபல ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள், அது தவறு. பாடகர் மிக் ஜாகர் பாஷிடம் காட்டியது காளியின் படம். நீட்டிய நாக்கு. பாஷ் காளியை வரையவில்லை, கபால மாலையை எடுக்கவில்லை, கைகளை எடுக்கவில்லை. அந்த நாக்கில் இருந்த அடங்காமையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதை அந்தக் குழுவின் திமிரோடும் பாடகரின் வாயோடும் சேர்த்துப் பாப் ஓவியக் கோடுகளில் புதிதாக ஒன்றைப் போட்டார். பார்க்கிறவருக்குக் காளி நினைவுக்கு வருவதில்லை, அந்தக் குழுதான் நினைவுக்கு வருகிறது. எடுத்தது முழுதாகச் செரித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அசல் ஓவியத்தை 2008இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமே வாங்கிவைத்துக்கொண்டது.

லகோஸ்ட் முதலையும் அப்படித்தான். ரெனே லகோஸ்ட் 1920களின் டென்னிஸ் நட்சத்திரம். முதலைத்தோல் பெட்டி ஒன்றுக்காக அணித் தலைவரோடு அவர் கட்டிய பந்தயத்தைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு அவருக்கு முதலை என்று பட்டப்பெயர் வைத்துவிட்டன. நண்பர் ராபர்ட் ஜார்ஜ் ஒரு முதலை வரைந்து கொடுத்தார், அது அவர் மேல்கோட்டில் ஏறியது, 1933இல் தொடங்கிய சட்டை வியாபாரத்துக்கும் அதுவே சின்னமானது. ஊர் வாயில் புழங்கிய ஒன்றுதான். ஆனால் அது அவரைப் பற்றிய பேச்சு, அடுத்தவர் சொத்து இல்லை. 1961இல் உலக வனவிலங்கு நிதியம் பாண்டாவைத் தேர்ந்தெடுத்தபோது லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சி-சி என்ற பாண்டாவைப் பார்க்கக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. மக்களின் அந்தப் பிரியத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டாவது காரணம்தான் முதலில் கண்ணில் படும்.

இதற்கு நேர் எதிரான பயணமும் உண்டு. லோகோ தானே மக்கள் கலாச்சாரத்துக்குள் போய்விடும். பிரிட்டனில் 1876இல் முதன்முதலாகப் பதிவான டிரேட்மார்க், பாஸ் பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். ஆறே வருடத்தில் பாரிஸ் ஓவியர் எதுவார் மானே வரைந்த மதுக்கூடக் காட்சியில் அந்த முக்கோணம் ஒட்டிய புட்டி நிற்கிறது. 1986இல் ரன்-டிஎம்சி என்ற ஹிப்ஹாப் குழு தங்கள் அடிடாஸ் காலணிகளைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. நிறுவனம் கேட்டு அவர்கள் பாடவில்லை. பாட்டு ஓடிய பிறகுதான் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. விளையாட்டுத் திடலில் இருந்த அடிடாஸின் மூன்று கோடுச் சின்னம் தெருவுக்கு வந்தது. டிசைனர் மில்டன் கிளேசர் 1970களில் நியூயார்க் மாநிலச் சுற்றுலாவுக்காக ஓர் எழுத்து, ஒரு சிவப்பு இதயம், இரண்டு எழுத்து (I ♥ NY) என்று வரைந்து கொடுத்தது இன்று உலகத்தில் எந்த ஊர்ச் சட்டையிலும் இருக்கிறது. இதயக் குறியையே வினைச்சொல்லாக எழுத உலகத்துக்கு அது பழக்கிவிட்டது.

இதையெல்லாம் எந்த டிசைனரும் வரைந்து கொடுக்க முடியாது. "வைரல் ஆகிற மாதிரி ஒரு லோகோ" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நான் தரும் லோகோ வெறும் பாத்திரம். அதில் என்ன நிரம்புகிறது என்பது உங்கள் பொருள், உங்கள் பேச்சு, வாடிக்கையாளரை நீங்கள் நடத்தும் விதம் ஆகியவற்றைப் பொறுத்தது. நைக்கியின் வளைகோட்டை 1971இல் வரைந்த கரோலின் டேவிட்சனுக்குக் கிடைத்தது 35 டாலர். என்னிடம் பேரம் பேசும் பாதிப் பேர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். 1983இல் அதே நிறுவனம் அவரை அழைத்துப் பங்குகளும் மோதிரமும் கொடுத்த மீதிக் கதையை யாரும் சொல்வதில்லை. அந்தக் கோடு 1971இல் வெறும் கோடு. பிறகு எத்தனையோ ஓட்டக்காரர்களும் கூடைப்பந்து வீரர்களும் அதை அணிந்து ஜெயித்த பிறகுதான் பக்கத்தில் பெயரே இல்லாமல் அது தனியாக நிற்க முடிந்தது. அந்த நிறைந்த பாத்திரத்தைப் பார்த்து அதே மாதிரி ஒரு வளைவைப் போட்டுக்கொண்டால், உள்ளே இருப்பதும் உங்களுக்கு வந்துவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

மறைபொருள் கேட்பவர்கள் இன்னொரு ரகம். ஆப்பிளின் கடித்த பகுதி கணித மேதை ஆலன் டூரிங்குக்கு அஞ்சலி, பிஎம்டபிள்யூ சின்னம் விமானத்தின் சுழலும் விசிறி, "எங்களுக்கும் இப்படி ஒரு கதை வேண்டும்" என்பார்கள். ஆப்பிளை 1977இல் வரைந்த ராப் ஜானொஃப் சொன்ன காரணம், கடிக்காவிட்டால் செர்ரிப் பழம் மாதிரி தெரியும் என்பதுதான். பிஎம்டபிள்யூவின் நீலமும் வெள்ளையும் அந்த நிறுவனம் இருக்கும் ஜெர்மனியின் பவேரியா மாநில நிறங்கள். 1929இல் வந்த ஒரு விளம்பரப் படத்துக்குப் பிறகுதான் விமானக் கதை ஒட்டிக்கொண்டது. கதையை மக்கள் பின்னால் சேர்ப்பார்கள். நீங்கள் முன்கூட்டியே ஏழு அர்த்தங்களைத் திணித்தால் லோகோ சின்ன அளவில் கறையாகத்தான் தெரியும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் தேடுங்கள். பின்னால் தேடிப் பிரயோசனம் இல்லை. உங்கள் நாட்டு டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள், வடிவத்தையும் தேடுங்கள். இணையத்தில் படத்தைக் கொடுத்து ஒத்த படங்களைத் தேடும் வசதி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் லோகோவையே, பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் சின்னம் போல இருக்கிறது என்ற புகார் கிளம்பிய பிறகு, 2015இல் திரும்பப் பெற வேண்டி வந்தது. காப்பியடிக்கவில்லை என்றுதான் வடிவமைப்பாளர் கடைசிவரை சொன்னார். அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்தக் கதி.

நெட்டில் இலவசமாகக் கிடைத்த படத்தை லோகோ ஆக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய ஸ்டாக் படமானாலும் அதே படத்தை உங்கள் போட்டியாளரும் வாங்கலாம். பல தளங்களின் உரிம விதிகள் டிரேட்மார்க்காகப் பயன்படுத்தவே கூடாது என்கின்றன, யாரும் படிப்பதில்லை. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. சினிமா தலைப்பு எழுத்து அழகாக இருக்கிறதே என்று அப்படியே தூக்கினால் அதுவும் வம்புதான். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் "அந்த ஹீரோ சின்னம் மாதிரி" என்று கேட்டு வாங்கிவிட்டு, மெஷின்தானே போட்டது என்று தப்பிக்கவும் முடியாது. போதாக்குறைக்கு, முழுக்க மெஷின் போட்ட படத்தை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்வதில்லை. அதாவது நீங்கள் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் நாளை உங்களை ஒருவர் காப்பியடித்தால் உங்களால் தடுப்பது கஷ்டம்.

டிசைனரிடம் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுத்துவிட்டோம், லோகோ நமது என்று நினைக்கிறீர்கள். எழுதி வாங்காவிட்டால் பல நாடுகளில் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். கூடவே வெக்டர் கோப்பையும், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துப் பெயர்ப்பலகை அடிக்கச் சொல்லி அச்சகத்துக்காரரை வதைக்காதீர்கள்.

பிடித்திருக்கிறதா என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்பதை விட்டுவிட்டு வேறொன்று செய்யுங்கள். லோகோவைச் சில நொடி காட்டி மறைத்துவிட்டு, மறுநாள் வரையச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக வரைந்தாலும் மொத்த உருவம் வருகிறதா பாருங்கள். அது வந்தால் போதும். வேறு கம்பெனியின் சின்னம் வந்தால் அந்த லோகோவை அங்கேயே விட்டுவிடுங்கள். அப்புறம் நிறம் இல்லாமல், நகத்தளவில் சுருக்கிப் பாருங்கள்.

இந்த வருடம் ஓடுகிற மீம், இந்த மாதம் ஹிட்டான வசனம் இவற்றை விளம்பரத்தில் வையுங்கள், சமூக வலைப் பதிவில் வையுங்கள். லோகோவில் வேண்டாம். அடுத்த வருடம் அது பழசாகும், நீங்கள் மாற்ற நினைப்பீர்கள், அதற்குள் வாடிக்கையாளர் பழகியிருப்பார். பழகியதை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. 2010இல் கேப் ஆடை நிறுவனம் புது லோகோவை வெளியிட்டு, எழுந்த எதிர்ப்பில் ஒரு வாரம் போல ஆவதற்குள் பழையதற்கே திரும்பியது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் புகழ்பெற்ற சின்னத்தைக் காட்டி "இதே மாதிரி" என்றால் உடனே கணினியைத் திறக்காதீர்கள். அதில் எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பலமா, வேகமா, குறும்பா? அதற்கு வேறு வடிவம் தேட உங்களால் முடியும். அப்படியும் காப்பிதான் வேண்டும் என்றால் மறுத்துவிடுங்கள் ஐயா. அந்த ஒரு வேலைக் காசு போனால் போகட்டும். மாட்டும்போது வாடிக்கையாளர் உங்கள் பெயரைத்தான் சொல்வார். தாளில் கிறுக்கும் ஒவ்வொரு வரைவிலும் தேதி போட்டு எடுத்து வையுங்கள், யோசனை எப்படி வளர்ந்தது என்று காட்ட அவைதான் உதவும்.

ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டவர்களுக்கு: அதைக் கிழித்துப் போடாதீர்கள், கோபத்தில் நீங்களே பதில் எழுதாதீர்கள், முகநூலில் புலம்பாதீர்கள். அந்த லோகோ போட்டு எதையும் புதிதாக அச்சடிப்பதை இன்றே நிறுத்துங்கள். நோட்டீஸில் பதில் சொல்லக் கொடுத்திருக்கும் கெடுவைப் பார்த்து, அதற்கு முன்பே டிரேட்மார்க் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். கையிருப்பில் எத்தனை பெட்டி, எத்தனை சட்டை இருக்கிறது என்ற கணக்கையும் கொண்டுபோங்கள். மாற்றிக்கொள்கிறோம் என்று சீக்கிரம் ஒப்புக்கொண்டால், கையிருப்பைத் தீர்க்க அவகாசம் கேட்டு வாங்கப் பல நேரம் வழி இருக்கிறது. புது லோகோவுக்கு என்னிடமோ வேறு டிசைனரிடமோ அதற்குப் பிறகு வந்தால் போதும்.