சத்தம் மாறிய ஸ்போர்ட்ஸ் கார்: வெல்டிங் கடைக்குப் போகும் முன்

காரின் சத்தம் மாறிவிட்டதென்றால் கொழும்பில் பலர் நேரே போவது வெல்டிங் கடைக்கு. சத்தம் பின்னாலிருந்து வருகிறது, பின்னால் இருப்பது சைலன்சர், ஆகவே பிழையும் சைலன்சரில்தான் என்று ஒரு கணக்கு. ஸ்போர்ட்ஸ் காரில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பிப்போகும். சத்தம் பிறப்பது எஞ்சினில். அது மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்), கட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி), நடுக்குழாய் எல்லாம் தாண்டி வந்த பிறகுதான் சைலன்சருக்குள் நுழைகிறது. வழியில் வேறெங்கோ ஒன்று கெட்டாலும் பல வேளை உங்கள் காதுக்குக் கேட்பது பின்பக்கத்தில்தான். ஆகவே முதற்கேள்வி “எங்கே கேட்கிறது?” அல்ல, “எப்போது கேட்கிறது?”. குளிரிலா, சூட்டிலா? நிற்கும்போதா, அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா, அதிலிருந்து காலை எடுக்கும்போதா? இதற்குப் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) அது வினாடிக்கு 100 துடிப்பு. ஆறு சிலிண்டரில் 150. ஐட்லிங்கில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது), 800 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 27. அதில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் வினாடிக்கு ஆறேழு இடத்தில் ஓட்டை விழும். அதைத்தான் காது “டுப்-டுப்-டுப்” என்று நொண்டும் சத்தமாகக் கேட்கிறது. பின்குழாய் வாயருகே உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் காற்று சீராக வராமல் விட்டுவிட்டு வருவது கைக்கே தெரியும். இது சைலன்சர் பிழையல்ல. பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் கம்பிரஷன் என்ற வரிசையில் பார்க்கவேண்டியது. காரின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கேனரில் பி0301, பி0302 என்று வந்தால் கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும்.

சுபாரு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பழைய ஈஜே எஞ்சின்களின் அந்த ‘புடுபுடு’ உறுமல் பிழையே அல்ல. மேனிஃபோல்ட் குழாய்கள் சம நீளத்தில் இல்லாததால் துடிப்புகள் சமமில்லாத இடைவெளியில் வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். சம நீள மேனிஃபோல்ட் போட்டால் உறுமல் போய்விடும். “பூட்டியதும் சத்தம் செத்துப்போச்சு” என்று கராஜோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஆனால் அந்த உறுமலுக்குள் ஒரு சிலிண்டரின் நொண்டல் ஒளிந்துகொள்ளும். அதனால் சுபாருவில் காதை மட்டும் நம்பாமல் ஸ்கேனரையும் மாட்டிப் பாருங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் பெரிதாக இருப்பதைக் கண்டு பயப்படவேண்டாம். கட்டலிட்டிக் கன்வர்ட்டரை விரைவாகச் சூடாக்க, கம்ப்யூட்டர் ஐட்லிங்கை 1200, 1500 வரை ஏற்றி இக்னிஷனையும் பிந்தவைக்கும். ஒரு நிமிடத்தில் தானாக இறங்கும். சில ஐரோப்பியக் கார்களில் அதோடு வெக்யூம் கிளீனர் போல ஓர் இரைச்சலும் கேட்கும். அது புகைக்குழாய்க்குள் வெளிக்காற்றைத் தள்ளும் பம்ப்.

கவனிக்கவேண்டியது வேறொன்று: குளிரில் “டிக்-டிக்-டிக்” என்று வந்து, ஐந்து நிமிடம் ஓடியதும் மறைந்துவிடும் சத்தம். மறைந்துவிடுவதால்தான் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலும் மேனிஃபோல்ட் கேஸ்கட் (மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) எரிந்திருக்கும், அல்லது அதை இறுக்கும் ஸ்டட் ஆணி ஒன்று முறிந்திருக்கும், அல்லது மயிரிழை வெடிப்பு. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபடுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் இறங்கும்போது அந்த இடைவெளி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அடுத்திருக்கும் ஒட்சிசன் சென்சர் அதைப் பார்த்து பெற்றோல் போதவில்லை என்று அறிவிக்கும்; கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். ஸ்கேனரில் பி0171 (பெற்றோல் குறைவு) விழும். அதை வைத்து இன்ஜெக்டரைக் கழுவி, காற்றுச் சென்சரை மாற்றிப் பணம் செலவழித்த பிறகும் டிக் டிக் அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஒரு டோர்ச் எடுத்து மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் விளிம்பைப் பாருங்கள். கசிவுள்ள இடத்தில் கரி, இறகு விரித்தாற்போல ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். தெரியாவிட்டால் திறந்த வெளியில், கைப்பிரேக் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே, தடித்த கையுறையோடு நனைத்த சாக்குத்துணியால் பின்குழாயை இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். கசிவில்லாத காரில் அழுத்தம் கையைத் தள்ளும், எஞ்சின் திணறும். கசிவிருந்தால் வேறெங்கோ “ஸ்ஸ்” என்று ஊதும். இரட்டைக் குழாய் என்றால் இன்னொருவர் மற்றதைப் பிடிக்கவேண்டும். வால்வை இயக்கும் டெப்பட்டின் சத்தமும், நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இன்ஜெக்டர் சத்தமும் டிக் டிக் என்றுதான் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். இன்ஜெக்டர் சூட்டிலும் அடிக்கும்; கசிவோ மிதிக்க மிதிக்கக் கனக்கும்.

டேர்போ காரில் டேர்போவுக்கு முன்னால் கசிந்தால் விசிலடிப்பதோடு பூஸ்ட்டும் (டேர்போ தரும் காற்றழுத்தம்) பிந்தி வரும். டேர்போ போய்விட்டது என்று முடிவெடுக்குமுன் கேஸ்கட்டைப் பாருங்கள்.

அடுத்தது கட்டலிட்டிக் கன்வர்ட்டர். உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற செராமிக். அது உடைந்தால் ஐட்லிங்கில் தகர டின்னில் கல் குலுக்குவது போலக் கேட்கும். ஆறியபின் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும் அதே சத்தம். உருகி அடைத்தால் நேரெதிர்: சத்தம் மந்தமாகி, மேல் ஆர்பிஎம்மில் கார் இழுக்காமல் மூச்சுத் திணறும். மஸ்தா ஆர்எக்ஸ்-8இல் இது நன்கு தெரிந்த நோய். கொயில் பலவீனமானதும் எரியாத பெற்றோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். கொயிலை மாற்றாமல் கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். அடைப்பைச் சந்தேகித்தால் முன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி (எம்18×1.5 மரை) அழுத்தமானி பூட்டுங்கள். ஐட்லிங்கில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும், 2500 ஆர்பிஎம்மில் மூன்றுக்குள்ளும் நிற்கவேண்டும். தாண்டினால் அடைப்பு.

சிலர் தேன்கூட்டை இடித்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டைப் பூட்டித் தருவார்கள். சத்தம் கரகரவென்று மாறும், பி0420 (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) என்ற குறியீட்டோடு எஞ்சின் விளக்கு எரியும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் எகிறும். பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாவித்த கன்வர்ட்டர் வாங்குவதானால் ஒரு முனையில் டோர்ச் அடித்து மறுமுனையால் பாருங்கள். கட்டங்கள் ஒழுங்காக, வெளிச்சம் சீராகத் தெரியவேண்டும்.

காலை எடுக்கும்போது வரும் ‘பட் பட்’ இரண்டு வகை. கம்பனியே அப்படி அமைத்த கார்களில் அது முதல் நாளிலிருந்தே இருக்கும். முன்பு இல்லாமல் புதிதாகத் தொடங்கியிருந்தால் கசிவும் கூடுதல் பெற்றோலும் சந்தித்திருக்கின்றன என்று பொருள். அதை ரசித்துக்கொண்டே ஓடினால் கன்வர்ட்டருக்குத்தான் கேடு.

ஒரே மொடல், ஒரே எஞ்சின், ஆனால் நண்பரின் கார் கூடச் சத்தம் போடுகிறது என்ற முறைப்பாட்டுக்குச் சில வேளை காரணம் வருடம்தான். 2018 செப்டெம்பருக்குப் பின் ஐரோப்பாவில் விற்பனையான நேரடி பெற்றோல் இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் துகள் வடிகட்டி இருக்கிறது. அது சத்தத்தையும் விழுங்கும். இன்னொரு காரணம் சைலன்சருக்குள் இருக்கும் திறந்து மூடும் தகடு. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியும் மாற்றமில்லை என்றால் தகட்டின் அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது தகட்டை இயக்கும் வெக்யூம் குழாய் வெப்பத்தில் வெடித்திருக்கலாம். திறந்தபடி இறுகினால் 2000 ஆர்பிஎம் அளவில் காருக்குள் ஓயாமல் முழங்கும். மூடியபடி இறுகினால் மேல்வேகத்தில் அடைத்துக்கொள்ளும். வெக்யூம் குழாய் சொற்ப விலை. முழுச் சைலன்சரையும் விலை பேசுபவரிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தாழ்ந்த காரை ஒழுங்கைகளின் ஸ்பீட் பிரேக்கர்களில் ஏற்றி இறக்கும்போது முதலில் கிழிவது எஞ்சின் அசைவுக்கு வளைந்துகொடுக்கும் வலைக்குழாய். மிதிக்கும்போது மட்டும் கரகரக்கும். குறிப்பிட்ட ஓர் ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் வெப்பத் தடுப்புத் தகடு. பெரிய ஸ்டெயின்லெஸ் கிளிப் ஒன்று போதும். பள்ளத்தில் ‘டங்’ என்றால் தொங்கு ரப்பர். ஒன்று இறுகியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேபினுக்குள் புகை மணத்தாலோ, நீண்ட ஓட்டத்தில் தலை வலித்தாலோ சத்த ஆராய்ச்சியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போங்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மணப்பது அதோடு வரும் மற்றவை. மாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கவே வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு சைலன்சர்தான் என்று முடிவானால் அது பெரும்பாலும் துருவாகவே இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை நெரிசலில் ஊர்ந்து போய் நிறுத்தும் காரில் சைலன்சர் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கும். வெளியிலிருந்து கடற்காற்றின் உப்பு வேறு. கண்ணாடிப் பஞ்சு வைத்த ஸ்போர்ட்ஸ் சைலன்சரில் பஞ்சு எரிந்து பறந்து போனதும் சத்தம் வெறும் குடத்தில் பேசுவது போலாகும். திறக்கக்கூடிய வகையென்றால் பஞ்சை மட்டும் மாற்றலாம். மின் வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். சென்சருக்கு அருகில் சாதாரண சிலிக்கோன் பூச விடாதீர்கள். அதன் ஆவி சென்சரைக் கெடுத்துவிடும். தண்ணீர் வடிய சைலன்சரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று இருக்கும். அதைக் கசிவென்று நினைத்து அடைப்பவர்கள் உண்டு. காரை ஜாக்கிலிருந்து இறக்குமுன் அது திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.