விரலைக் கடிக்கும் முயலுக்குக் கோபம் இல்லை

கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் போதும், வீட்டின் பின்பக்கத்து இரண்டாங்கட்டிலிருந்து ஒரே ஓட்டமாக வரும். காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், முழங்காலில் முன்னங்கால்களை ஊன்றி எழும்பும், தழையை நீட்டினால் விரலையும் சேர்த்துக் கவ்விவிடும். காரைக்குடிப் பக்கம் முயல் வளர்க்கும் வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் புகார் இது. “அதுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு, இனிமே கையில குடுக்காதே” என்று அப்பத்தா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். முயலின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

முயல் பிறருக்கு இரையாகும் விலங்கு. எந்தப் பக்கமிருந்து ஆபத்து வந்தாலும் தெரிய வேண்டும் என்பதால், கண்கள் தலையின் இரு பக்கமும் சற்று மேலே தள்ளி அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 360 பாகையும் அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் உள்ள சிறு பகுதி மட்டும் கண்ணுக்கு எட்டாது. நாம் தீனியை நீட்டுவதோ சரியாக அந்த இடத்தில்தான்!

அங்கே கண்ணின் வேலையை மூக்கும் மீசையும் பிளந்த மேலுதடும் பார்த்துக்கொள்கின்றன. அமைதியாக இருக்கும் முயலிடம் ஒரு தழையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முதலில் மூக்கு படபடவென்று துடிக்கும். மீசை முடிகள் தழையை ஓரிரு முறை தடவும். உதடு தொட்டுப் பார்க்கும். அதன் பிறகே பல் இறங்கும். பரபரப்பில் இருக்கும் முயல் இந்த இடைப்படிகளை எல்லாம் தாண்டிவிடுகிறது. மணம் வந்த மறுகணம் பல் பாய்கிறது. கொத்தமல்லி மணக்கும் விரலுக்கும் கொத்தமல்லித் தண்டுக்கும் அந்த அவசரத்தில் வேறுபாடு தெரியாது. முன்பற்களோ வாரத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளர்ந்துகொண்டே இருப்பவை, புல்லை நறுக்கென்று வெட்டுவதற்கென்றே அமைந்தவை. பிறகு விரலில் ரத்தம் வராமல் என்ன செய்யும்?

சரி, அந்தப் பரபரப்பு எங்கிருந்து வருகிறது? 1990-களில் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் ஆசையையும் எதிர்பார்ப்பையும் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். தொடக்கத்தில் சாறு நாக்கில் பட்டபோது அந்தச் செல்கள் துள்ளின. சாற்றுக்கு முன்னால் ஓர் அடையாளம் வருகிறது என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துள்ளல் அந்த அடையாளத்துக்கு இடம் மாறியது. எதிர்பார்த்த நேரத்தில் சாறு வராவிட்டால் செல்களின் வேகம் தணிந்தது. பாலூட்டிகளின் மூளையில் இந்த அடிப்படை ஏற்பாடு பொதுவானது. தீனி வருவதற்கு முன்பே, டப்பா மூடியின் சத்தத்துக்கே உங்கள் முயல் ஓடி வருவது இதனால்தான்.

பழக்கும்போது பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. தீனி கிடைத்த அந்த நொடியில் விலங்கு என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுவே அதன் மனதில் பதிகிறது. உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விதியாக எழுதினார், பின்னாளில் இன்னோர் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் விரிவாக்கினார். முயல் எழும்பிக் குதிக்கும்போது “இந்தா, சும்மா இரு” என்று ஒரு துண்டு கொடுத்தால், குதித்தால் கிடைக்கும் என்பதுதான் அன்றைய பாடம். திடீரென்று கொடுப்பதை நிறுத்தினால் குதிப்பு முதலில் இன்னும் கூடும். அந்தக் கட்டத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அதைவிட முரட்டுத்தனமாகக் கேட்கும்.

ஆகவே கையை மூடி மார்போடு வைத்துக்கொண்டு காத்திருங்கள். நான்கு கால்களும் தரையில் பதிந்த நொடியில் நாக்கால் ஒரு ‘டக்’ ஒலி, உடனே தீனி. ஒலிக்கும் தீனிக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. விரல் நுனியில் பிடித்து நீட்டுவதைவிட, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்து, முயலுக்குப் பார்வை எட்டும் பக்கவாட்டிலிருந்து கொண்டுவாருங்கள். இன்னும் அடங்காத முயல் என்றால் கையே வேண்டாம். நீளமான மரக்கரண்டியில் கொடுக்கலாம், அல்லது தரையில் போட்டுவிடலாம். தரையைத் தேடி மோப்பம் பிடிப்பதிலேயே அதன் வேகம் பாதி குறைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

தரையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வெயில் காலத்தில் முயல் படுத்துக்கிடக்க அருமையான இடம். ஆனால் முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, அடர்ந்த முடிதான். கண்ணாடிபோல் வழுவழுக்கும் கல்லில் பாய்ந்து வந்தால் பின்னங்கால் வழுக்கும். பின்னங்கால் தசை வலுவானது, முதுகெலும்போ மென்மையானது. தாறுமாறாக உதைத்தால் முறிந்துவிடலாம். பழக்கும் இடத்தில் ஒரு சாக்கையோ கோரைப்பாயையோ விரியுங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். சித்திரை வெயிலில் பழக்கம் எல்லாம் அதிகாலையில் மட்டும்.

தீனியின் அளவும் பரபரப்பைக் கூட்டிக் குறைக்கும். இனிப்பு ஏற ஏற வெறியும் ஏறும். 2 கிலோ முயலுக்கு 10 கிராம் வாழைப்பழம் கொடுப்பது, 60 கிலோ மனிதர் ஒருவர் 300 கிராம் தின்பதற்குச் சமம். பெருங்குடலின் தொடக்கத்தில் பைபோல் இருக்கும் அதன் பெருங்குடல்வாயில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துத்தான் செரிமானமே நடக்கிறது. சர்க்கரையும் மாவும் அந்தக் கூட்டத்தைக் குலைத்துவிடும். பிள்ளைகள் பாசத்தில் நீட்டும் தேன்குழலும் சீப்புச்சீடையும் கூடவே கூடாது. கொத்தமல்லி, புதினா, அருகம்புல் ஆகியவற்றில் ஒவ்வோர் இணுக்கு போதும். வயிறு நிறையக் காய்ந்த புல் தின்ற பிறகு பழக்கினால் பாய்ச்சலும் குறையும்.

காலைச் சுற்றி ஓடுவதெல்லாம் தீனிக்காக மட்டும் அல்ல. நான்கைந்து மாத வயதில் பருவம் எய்தும் முயல்கள் இணை தேடியும் அப்படிச் சுற்றும். காதைப் பின்னால் ஒட்டி, வாலை நிமிர்த்தி, உறுமிக்கொண்டு கையை நோக்கி வந்தால் அது எல்லைச் சண்டை. கருத்தடை அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தினமும் பாய்ந்து வரும் முயல் ஒருநாள் கொத்தமல்லியை முகர்ந்துகூடப் பார்க்காமல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால், அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புழுக்கையும் குறைந்திருந்தால் குடல் இயக்கம் நின்றுகொண்டிருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.