மிகைபுனைவா, விந்தைக்கதையா?

மொரிஷியஸில் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பு, புத்தக அறிமுகம் எதைப் புரட்டினாலும் ‘மிகைபுனைவு’ வந்து நிற்கிறது. நிஜத்தில் நடக்க முடியாதது நடக்கும் கதையை ஆங்கிலத்தில் ஃபேண்டசி என்பார்களே, அதற்குத் தமிழாம்!

மூலம் கிரேக்கம். ‘ஃபைனோ’ என்றால் தோன்றச் செய்தல். ‘ஃபந்தாசியா’ மனத்தில் தோன்றும் உரு. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் காதில் விழும் பிரெஞ்சு ‘ஃபான்தேசி’ மனம்போன போக்கையும் குறிக்கும். ‘பிஜூ ஃபான்தேசி’ என்றால் கவரிங் நகை. எதிலும் மிகை இல்லை.

மிகை என்பது அளவுக்கு மேல் போவது. பத்து மீன் பிடித்தவன் நூறு என்றால் மிகை. பிடித்த மீன் பேசினால்? அங்கே எதுவும் கூடவில்லை, உலகமே வேறு. (பழந்தமிழில் மிகைக்குக் குற்றம் என்றும் பொருள். பிள்ளைகள் புத்தகத்துக்கு நல்ல பெயர்தான்.)

1865இல் வந்த, லூயிஸ் கரோல் எழுதிய ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையைப் பாருங்கள். தோட்டத்துக்குப் போகும் கதவு சுமார் 15 அங்குல உயரம். குப்பியில் இருந்ததைக் குடித்து ஆலிஸ் 10 அங்குலமாகிறாள். சாவியோ கண்ணாடி மேசைமேல், எட்டவில்லை. முதலில் சாவியை எடுக்காததுதான் கோளாறு. பிறகு கேக்கைத் தின்று 9 அடிக்கு மேல் வளர்ந்து தலை கூரையில் இடிக்கிறது. இப்போது சாவி கையில். ஆனால் தரையில் படுத்து ஒற்றைக் கண்ணால்தான் கதவு வழியே தோட்டத்தைப் பார்க்க முடிகிறது. ஒரு விதியை மாற்றிவிட்டால் மற்றதெல்லாம் கணக்குப் பிசகாமல் நடக்கவேண்டும். பிள்ளைகள் நம்புவதும் சிரிப்பதும் அந்தக் கணக்கால். அளவை இவ்வளவு கறாராக வைத்திருக்கும் கதைக்கு அளவு மீறியது என்றா பெயர்?

அதே கதையில், மொரிஷியஸில் வாழ்ந்து அழிந்துபோன நம் டோடோ பறவையும் வருகிறது. ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் வென்றதாகத் தீர்ப்புச் சொல்லி, ஆலிஸின் பையிலிருந்த தையல் விரலுறையை வாங்கி, அவளுக்கே பரிசாகக் கொடுக்கிறது. போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் டோடோவின் எலும்புக்கூட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது மிகையல்ல, விந்தை.

விந்தைக்கதை என்பதே என் கட்சி. தொல்காப்பியம் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நான்கு நிலைக்களன் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆலிஸ் வளர்வது பெருமை, சுருங்குவது சிறுமை, கைக்குழந்தை பன்றியாவது ஆக்கம். ‘மருட்கைக் கதை’ என்றே வைக்கலாம். ஆனால் இங்கே வீட்டிலும் தெருவிலும் க்ரியோல் மொழியில் பேசி வளரும் பிள்ளை அந்தச் சொல்லிலேயே தடுக்கி விழும். ஃபேண்டசிக்குச் சிலர் சொல்லும் ‘கனவுருப்புனைவு’ அதைவிடப் பெரிய கவளம். ‘கற்பனைக் கதை’யோ எல்லா நாவலுக்கும் பொருந்தும். சிரிப்பும் சேர்ந்திருந்தால் ‘வேடிக்கை விந்தைக்கதை’ என்று எழுதுங்கள்.

பிரெஞ்சிலிருந்து பெயர்ப்பவர்கள் இன்னும் மோசம். நடந்தது நிஜமா என்று கடைசிவரை தயங்கவைப்பது ‘ஃபான்தாஸ்தீக்’. விந்தையை யாரும் கேள்வி கேட்காத உலகம் ‘மெர்வெய்யோ’. இரண்டையும் மிகைபுனைவுக்குள் திணிக்கிறார்கள். ‘கோன்த் த ஃபே’யை, அதாவது ஆங்கிலத்தின் ஃபேரி டேலை, ‘தேவதைக் கதை’ என்பது அடுத்த தொல்லை. காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தேவதை கோயிலில் இருப்பவள், சிறகு முளைத்த சிறுமியல்ல. அங்கேயும் விந்தைக்கதை போதும்.